பூர்கி சொன்ன 'சரி'

நோட்புர்கா என்ற முழுப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது. அதற்குப் பிறகு நீதிமன்றத் தாக்கீதில்தான் அதை அவளே பார்த்தாள். ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் எல்லோருக்கும் அவள் பூர்கி.

வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு குளிர்காலமாகப் பனிச்சறுக்கு லிஃப்டின் கீழ் நிலையத்தில் நின்று ஆட்களை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். கம்பியில் தொங்கும் நாலு பேர் நாற்காலி வளைந்து வரும்போது, முழங்காலில் இடிக்காமல் அதன் முதுகைப் பிடித்துத் தணிப்பாள். கழுத்துத் துணி தொங்குகிறதா, முதுகுப் பை கழன்று மடிக்கு வந்துவிட்டதா என்று ஒரு பார்வை. பிறகு "சரி" என்பாள். நாற்காலி போகும். அடுத்தது வரும். ஒரு நாளைக்கு எத்தனை சரி என்று அவள் எண்ணியதில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை, மார்லூஸ் என்ற டச்சுக்காரப் பெண் முதுகில் பையோடு வந்து நின்றாள்.

"பையைக் கழட்டி மடியில வச்சுக்கோ" என்றாள் பூர்கி. ஆயிரம் மீட்டருக்கு மேலே அந்த மலையில் யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை.

மார்லூஸ் பையைக் கழற்றத் தொடங்கினாள். நாற்காலி வந்துவிட்டது. பூர்கி "சரி" என்றாள்.

மேலே இறங்குமிடத்தில் மற்ற மூவரும் எழுந்து சறுக்கிப் போனார்கள். மார்லூஸால் எழ முடியவில்லை. பையின் ஒரு வார் நாற்காலி இடுக்கில் மாட்டியிருந்தது. மேலே நின்ற ஊழியன் உடனே நிறுத்துகிற பொத்தானை அழுத்தினான். கம்பி ஓய்ந்து நிற்பதற்குள் நாற்காலி அவளை விளிம்புக்கு வெளியே இழுத்துப் போய்விட்டது. தோளில் இருந்த மற்ற வார் அறுந்தது. ஐந்து மீட்டர் பள்ளம். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஹெலிகாப்டர் போன பிறகு பூர்கி ஏறுமிடத்துப் பனியை மண்வெட்டியால் சமப்படுத்தினாள். பிறகு சூப் குடித்தாள். அது பார்லி சூப் என்பது கிண்ணம் காலியான பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எல்லாமே அப்படித்தான் இருந்தது. அவள் அழவில்லை. நன்றாகத் தூங்கினாள். அந்த நாற்காலியை மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அக்டோபரில் பூர்கி மேலான வழக்கு விசாரணைக்கு வந்தது. முந்தின நாள் லிஃப்ட் மேலாளர் வின்சென்ஸ் அவள் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"நம்ம வக்கீல் சொல்றது ரொம்ப சுலபம், பூர்கி. 'சரி'ன்னா ஒண்ணுமில்ல. சும்மா வாய்ல வர்றது. நம்ம ஊர்ல பசு கன்னு போட்டாலும் சரிங்கிறோம், செத்தாலும் சரிங்கிறோம்."

"ம்."

"அதை மட்டும் சொல்லிடு. கழட்டுன்னு நீ சொன்னே, போர்டுலயும் எழுதியிருக்கு, அவ கேக்கல. இல்லேன்னா கவனக்குறைவுன்னு தீர்ப்பாயிடும். அப்புறம் எந்த லிஃப்ட்லயும் உன்னை நிக்க விடமாட்டாங்க. கம்பெனி தலையும் உருளும்."

"அந்த வாரை நான் பார்த்தேனா, வின்சென்ஸ்?"

"என்னைக் கேட்டா? அங்க நின்னது நீ!"

"அதான் தெரியல."

"தெரியாதது இன்னும் நல்லது. காபி குடுப்பியா, இல்ல அதுக்கும் கோர்ட்ல மனு போடணுமா?"

பூர்கி காபி ஊற்றினாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

நீதிமன்றம் கீழே பள்ளத்தாக்கு நகரத்தில் இருந்தது. அங்கே எல்லோரும் அவளை 'நீங்க' என்றார்கள். மார்லூஸ் கைத்தடியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் எழுந்து 'சரி' என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை என்று கால்மணி நேரம் விளக்கினார். பூர்கி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தப் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். அறுந்த வாரில் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் மரச்செருப்பு ஒன்று கோத்திருந்தது. டச்சுக்காரர்கள் தொங்கவிடுகிற பொம்மைச் செருப்பு. பூர்கி அதையே பார்த்தாள். அது ஒரு தோளின்மேல் ஆடியது. இன்னொரு தோளில் வார் இல்லை. நாற்காலி முழங்காலைத் தொட்டது.

நீதிபதி கேட்டார்: "நீங்க 'சரி'ன்னு சொல்றப்போ, என்ன நினைச்சுச் சொல்வீங்க?"

"பார்த்துட்டேன்னு அர்த்தம்" என்றாள் பூர்கி.

வின்சென்ஸின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அன்னைக்கும் பார்த்தீங்களா?"

"இப்பதான் ஞாபகம் வருது. அந்தச் செருப்பு தோள்ல ஆடிட்டிருந்துச்சு. ஒரு வார்தான் கழண்டிருந்துச்சு. நிறுத்துற பொத்தான் கை எட்டுற தூரம். அழுத்தல. சரின்னு சொன்னேன்."

"ஏன் அழுத்தலை?"

"வரிசை நீளமா இருந்துச்சு."

கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று. தண்டனையை நிறுத்திவைத்தார்கள். போர்டை மதிக்காததால் மார்லூஸுக்கும் இதில் பங்கு உண்டு என்றும், கம்பெனியின் பொறுப்பு தனி வழக்கில் வரும் என்றும் நீதிபதி சொன்னார். வாசலில் மார்லூஸ் பூர்கியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைத்தடியை ஊன்றிப் படியிறங்கினாள்.

திரும்பும் வழியில், கார் மலை ஏறிக்கொண்டிருந்தபோது வின்சென்ஸ் கேட்டான். "இருபத்தாறு வருஷம் அந்த வார்த்தையைச் சொன்னே. அது ஒண்ணுமில்லேன்னு ஒரே ஒரு நாள் சொல்ல வாய் வலிச்சுதா?"

வலிக்கிறதா என்று அவளும் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பரில் பனி விழுந்தது. லிஃப்டில் வேறொருத்தி நின்றாள். பூர்கிக்கு ஒரு விடுதியின் சமையலறையில் வேலை கிடைத்தது. காலையில் விடுதிக்கு ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரி பையை நீட்டினாள்.

"பதினாறு ரொட்டி. சரியா, பூர்கி?"

பூர்கி பையைத் திறந்தாள். உள்ளே ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். பின்னால் வரிசை கதவைத் தாண்டி நின்றது.

"ரொட்டி எங்கயும் ஓடிடாது, தாயி! குளிருது!" என்றான் ஒருவன்.

அவள் கடைசிவரை பார்த்தாள். பதினாறு இருந்தது.

"சரி" என்றாள்.