சாமிப்பூவிலே வந்த வண்டு

தில்லைநாயகி ஒருக்கா "ஏலாது" எண்டு சொன்னால், அதுக்கு மேலே கதைச்சுப் பிரயோசனமில்லை. புருசன் சண்முகலிங்கத்துக்கு அது கலியாணம் முடிச்ச கிழமையே தெரிஞ்சுபோச்சு. சுவிஸிலே, பாடன் நகரத்திலே, அவையின்ரை வீட்டுக்காரர் மோசருக்குத்தான் எண்பத்தேழாம் ஆண்டு ஆடி மாதம் வரைக்கும் தெரியாமல் கிடந்தது.

தமிழருக்கு வீடு குடுக்க ஆளில்லாத காலம். பதினொரு இடத்திலே கதவைச் சாத்தின பிறகு கிடைச்சது, மோசரின்ரை பழைய மரவீட்டு மேல்மாடி. அங்கே சாமித்தட்டுக்குப் பூ வேணுமே! கடைப்பூ நெருப்பு விலை. தில்லைநாயகி முதியோர் இல்லத்திலே துப்பரவு வேலை முடிச்சு வரேக்கை, காட்டோரத்திலே குடை விரிச்ச மாதிரிப் பூத்திருக்கிற வெள்ளைப் பூவை ஆய்ஞ்சு வருவாள்.

ஒருநாள் தண்ணிக்குழாய் பார்க்க வந்த மோசர், பிள்ளையார் படத்தடியிலே நீளமீசை வண்டு நாலைக் கண்டார். இரண்டு செங்கல் நிறம், இரண்டு மண்ணிறம். மனிசன் வெளிறிப்போனார். "ஹவுஸ்பொக்!" கூரைமரத்தை உள்ளுக்குள்ளேயே தின்று மாவாக்கிற வண்டாம். ஊரிலேயிருந்து கொண்டுவந்த மரப்பெட்டியிலே வந்திருக்குமாம். பெட்டியாவது! அவை வந்தது ஆளுக்கொரு தோள்பையோடை. என்ன சொல்லியும் கேளாமல், மாத முடிவுக்கிடையிலே வீட்டை விடச் சொல்லிப்போட்டுப் போனார்.

"விடப்பா, வேறை வீடு பாப்பம்," எண்டார் சண்முகலிங்கம்.

"ஏன் விடோணும்? நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ?"

அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. வண்டுகளைப் பிடிச்சு ஜாம் போத்திலிலே விட்டாள். கூடவே ஒரு மரத்துண்டும் ஒரு பூங்கொத்தும். விடிய எழும்பிப் பார்த்தால், நாலும் பூவுக்குள்ளே முகத்தைப் புதைச்சு மகரந்தம் தின்னுதுகள். மரத்தைத் திரும்பியும் பார்க்கேல்லை.

போத்திலோடை போய் மோசரின்ரை கதவைத் தட்டினாள். அவர் பார்க்கமாட்டன் எண்டார். அடுத்த நாளும் தட்டினாள். மூண்டாம் நாள் தன்ரை அரைகுறை ஜேர்மனிலே, "காட்டுக்கு வாங்கோ, நானே காட்டுறன்," எண்டு வாசலிலேயே நிண்டாள். மனிசன் முணுமுணுத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டார்.

காட்டோரத்திலே ஒவ்வொரு பூவிலும் அதே வண்டு. பக்கத்திலே உக்கிப்போன மரக்குத்தி ஒண்டிலே பென்சில் அளவு ஓட்டை. அதுக்குள்ளேயிருந்து ஒண்டு மீசையை நீட்டிக்கொண்டு வெளியிலே வந்தது. மோசர் குனிஞ்சு கனநேரம் பார்த்தார். முகம் சிவந்துபோச்சு.

"இது உக்கின மரத்திலே பிறக்கிறது. என்ரை கூரையிலே இதுக்கு வேலையில்லை. நான்தான் பிழை," எண்டார். "நீங்கள் வீட்டிலே இருங்கோ. ஆனால் இந்தப் பூவை மட்டும் இனிக் கொண்டு வரவேண்டாம்."

தில்லைநாயகி ஒரு பூங்கொத்தை முறிச்சாள். அவருக்கு முன்னாலேயே மூண்டு தரம் நல்லா உதறினாள். வண்டுகள் புல்லிலே விழுந்து ஓடின.

"நாளைக்கும் கொண்டு வருவன்," எண்டாள். "உதறிப்போட்டு."