சாரலுக்கு இறங்காத ஷட்டர்

தென்காசி ரத வீதியில் எழுபதுகளில் திறந்த கடைகளில் பாதிக்கு மேல் நான் போட்ட ஷட்டர். ஆலங்குளத்தில் ஒரு உரக்கடைக்குப் பன்னிரண்டு அடி அகலத்தில் போட்டேன், கடைக்காரரின் மனைவி ஒரு கையால் தூக்குவார். அச்சன்புதூரில் நெல் தூற்றும் மெஷின் ஒன்றை ஒருநாள் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி இன்னொன்றைச் செய்து அதன் பக்கத்திலேயே நிறுத்தினேன். சத்தம் என்னுடையதில் குறைவு. குத்துக்கல்வலசையில் பருத்திக் காடாகக் கிடந்த இடத்தில் எனக்கென்று ஒரு மாடி வீடு கட்டினேன். கம்பி வளைத்தது முதல் கக்கூஸ் கதவு வரை என் கைவேலை. இத்தனைக்கும் நான் ஐந்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து, மூன்றாம் தடவை உட்கார மறுத்து வெளியே வந்தவன். இங்கிலீஷில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த வார்த்தைகள் ஆன், ஆஃப் இரண்டுதான். அந்த இரண்டை வைத்தே குற்றாலத்தில் ஒரு வீட்டைத் தானாக நடக்க வைத்தேன்.

அந்த வீட்டைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தென்காசியில் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி எண்பதுகளின் தொடக்கத்தில் ஐந்தருவி சாலையில் ஒரு பங்களா கட்டினார். மேற்குப் பக்கம் மலையைப் பார்த்து ஒரு பெரிய கூடம். சுவர் என்று பெயருக்குத்தான் இருந்தது. எட்டு ஜன்னல், ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம், கம்பி கிடையாது. காற்று வர வேண்டும், அருவி தெரிய வேண்டும், குரங்கு மட்டும் வரக்கூடாது என்பது அவர் ஆசை. சிங்கப்பூர் போய் வந்தவர், அதனால் அந்த ஆசையோடு நிற்கவில்லை.

"ஏலே, அங்கன ஒரு கடை. பொத்தான அமுக்குதான், ஷட்டர் தன்னால மேல போவுது. நம்ம ஜன்னலுக்கு அது வேணும். ஆவுமா, ஆவாதா?"

"ஆவும் அண்ணாச்சி."

"எப்படிலே ஆவும்?"

"அது இன்னும் தெரியாது. ஆனா ஆவும்."

இதுதான் என் தொழில் ரகசியம். முதலில் ஒப்புக்கொள்வேன். பயம் அதற்குப் பிறகு வரும்.

அண்ணாச்சியின் மனைவி அதற்கு மேல் ஒன்று போட்டார். "பொத்தான அமுக்க ஒரு ஆளு அங்கனயே நிக்கணும்லா? மழை அடிச்சா அதுவா இறங்கணும், விட்டா அதுவா ஏறணும். என் ஊஞ்சப் பலகை தேக்கு, பாத்துக்கிடுங்க."

மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் ஏலத்தில் எட்டு சின்ன மோட்டார் எடுத்தேன். கியர் பெட்டி நானே கடைந்தேன். ஷட்டர் மேலே போய் முட்டினால் நிற்க ஒரு சுவிட்ச், கீழே வந்து தொட்டால் நிற்க ஒரு சுவிட்ச். எல்லா ஒயரையும் மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்பு பீரோவுக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். வந்ததுதான் வந்தோம் என்று, மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கிணற்று மோட்டார் ஓடவும், இருட்டினால் வாசல் விளக்கு எரியவும், கேட்டைத் திறந்தால் அடுப்படியில் மணி அடிக்கவும் அதே பீரோவிலிருந்து வழி செய்தேன். உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்டபடி இருக்கும். வேலைக்காரப் பெண்கள் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் மாடி ஏறினார்கள். நான் தடுக்கவில்லை.

அண்ணாச்சியின் மாப்பிள்ளை பம்பாயில் எஞ்சினியர். இரண்டு தடவை வந்தார். வந்தபோது நீலத்தாளில் ஒரு படம் வரைந்து கொடுத்தார். அழகான படம், பொய் சொல்லக்கூடாது. ஒரு ஷட்டர், ஒரு பொத்தான், சுற்றிலும் கோடு. மழை என்ற சங்கதியே அதில் இல்லை. பம்பாயிலும் மழை பெய்யும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன்.

மழையை வீட்டுக்குச் சொல்ல நான்தான் வழி கண்டேன். ஒரு துணிப்பொட்டலத்தில் உப்பு. அதற்குள் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு செம்புக் கம்பி. உப்பு காய்ந்திருந்தால் கரண்டு பாயாது. நனைந்தால் பாயும், பாய்ந்தால் ஷட்டர் இறங்கும். என் பட்டறையில் சித்திரை வெயிலில் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. பங்களாவுக்கு மூன்று பேஸ் கரண்டு வந்து சேர்ந்ததோ கிரகப்பிரவேசப் பால் காய்ச்சுக்கு முந்தின நாள்தான். அன்று நல்ல வெயில். பொட்டலத்தைக் கூரை விளிம்பில் கட்டினேன், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன், எட்டும் இறங்கின. நனைந்த பொட்டலத்தை அவிழ்த்துப் புது உப்பு வைத்துக் கட்டிவிட்டு இறங்கினேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பால் காய்ச்சு அன்று, விருந்துக்கு முன்னால், வீட்டைக் கட்டிய ஆட்களைச் சபையில் கூப்பிட்டுத் தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். கொத்தனாருக்கு உண்டு, ஆசாரிக்கு உண்டு. இரும்புக்காரனுக்குக் கிடையாது. இருபது வருசமாக எத்தனையோ வீட்டுக்குக் கதவும் கிராதியும் செய்திருக்கிறேன், கூட்டத்தின் ஓரத்தில் நின்று அடுத்தவன் வேட்டி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். "தகரம் தட்டுறவன்" என்பதுதான் என் பட்டம். இந்த வீட்டில் அண்ணாச்சியின் மனைவி முந்தின நாளே சொன்னார், "மூணு தாம்பாளம் வச்சிருக்கேன். மூணாவது உங்களுக்குத்தான்." அன்று நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை. வேட்டிக்கு எனக்குப் பஞ்சமில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்களே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆவணி முதல் முகூர்த்தம், காலை ஒன்பதரை. கூடத்தில் ஹோமம். குருக்கள் நெய்யை ஊற்ற, பசுவும் கன்றும் உள்ளே வர, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. அப்போது மலை இறங்கிச் சாரல் வந்தது. சாரல் என்றால் முகத்தில் பவுடர் போடுகிற மாதிரி, சட்டைகூட நனையாது. எட்டு ஷட்டரும் ஒரே நேரத்தில் கடகடவென்று இறங்கின.

கூடம் இருட்டு. உள்ளே நூறு பேர், ஹோமப் புகை, ஒரு பசு. பசு பயத்தில் புது மொசைக்கில் சாணி போட்டது. "சுபம், சுபம்" என்றார் குருக்கள், இருமலுக்கு நடுவே. நான் பீரோவுக்கு ஓடி மேலே போகிற பொத்தானை அமுக்கினேன். ஒரு அடி ஏறும், மறுபடி இறங்கும். ஏறும், இறங்கும். வீடே கொட்டாவி விடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் உப்பிலிருந்து வரும் ஒயரைப் பல்லால் கடித்து இழுத்தேன், ஷட்டர்கள் ஏறின. புகை வெளியே போனது. கூடவே என் மரியாதையும்.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னலே இது? மழைக்கு இறங்கச் சொன்னா, மேகத்தப் பாத்தே இறங்குது?"

"ஒரு சின்னக் கோளாறு அண்ணாச்சி."

"சின்னதா? குருக்கள் கண்ணு ரெண்டும் கொவ்வைப் பழமா இருக்கு. சாப்பாட்டுக்குள்ள சரியாவலைன்னா நாளைக்கே எட்டையும் கழட்டிட்டு மரக் கதவு போட்டுருவேன். ஆசாரி இங்கனதான் இருக்கான்."

ஆசாரி இருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார்.

அடுப்படிப் பக்கம் போய் நின்றேன். சமையல்காரர் செங்கோட்டைக்காரர், பாதி மலையாளம் பேசுவார். சாம்பாருக்கு உப்புப் போட ஜாடியை எடுத்தார். கரண்டியால் அள்ளவில்லை, சாய்த்து ஊற்றினார். உப்பு குழம்பு மாதிரி வந்தது.

"என்ன வேய், உப்புல தண்ணி ஊத்தி வச்சிருக்கீரா?"

"ஞான் எதுக்கு ஊத்துதேன்? சீசன் வந்தா குற்றாலத்துல உப்பு தன்னால தண்ணியாவும். மூணு மாசம் ஜாடில கல்லே கிடையாது. இவிட பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே. உமக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமல் என்ன, ஆறு கிலோமீட்டரில் பிறந்தவன். ஆனால் அடுப்படி ஜாடியில் இருப்பதும் கூரையில் நான் கட்டியதும் ஒரே உப்புதான் என்று எனக்குத் தோன்றவில்லை. சாரல் தொடக்கூட வேண்டாம், அந்தக் காற்றே அதற்குப் போதும்.

ஆக, எனக்கு வேண்டியது ஈரத்துக்கு அசையாத, மழைக்கு மட்டும் அசைகிற ஒன்று. சமையல்காரர் காலி வனஸ்பதி டப்பா ஒன்றைத் தூக்கி எறியப் போனார், பிடுங்கிக்கொண்டேன். அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டேன். பெரிதாகிவிட்டது. சோப்பால் அடைத்து, ஊசியால் மறுபடி குத்தினேன். ஒரு கம்பியை நடுவில் நிறுத்தி, பலசரக்குக் கடைத் தராசு மாதிரி ஒரு பக்கம் டப்பா, மறுபக்கம் நாலு போல்ட். டப்பாவுக்கு மேலே அகலமாகத் தகரப் புனல். சாரல் பெய்தால் விழுகிற தண்ணீர் ஓட்டை வழியாக அப்போதைக்கப்போது போய்விடும். மழை பெய்தால் போவதைவிட வருவது அதிகம். டப்பா கனக்கும், கம்பி சாயும், சுவிட்சை அமுக்கும். மழை விட்டால் டப்பா காலியாகி எழும்பும், ஷட்டரும் எழும்பும். கூரையில் கட்டிவிட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டு.

நான் இதையெல்லாம் செய்யும்போது மாப்பிள்ளை எங்கே இருந்தார்? ஏணிக்குக் கீழே. குடை பிடித்தபடி. "இது எப்படி வேலை செய்யுது?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன். என் தப்பு.

சாரல் விடாமல் தூறிக்கொண்டே இருந்தது. ஷட்டர் அசையவில்லை. ஜனங்கள் ஜன்னலில் கைநீட்டி முகத்தை நனைத்துக்கொண்டார்கள். இலை போடும் நேரத்துக்கு மலை கறுத்தது. கூரையில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி மழை விழுந்தது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இருபது வரும்போது எட்டும் இறங்கின. ஊஞ்சல் பலகையில் ஒரு சொட்டு இல்லை. கால் மணி நேரத்தில் மழை விட்டது, எட்டும் தாமாக ஏறின. கூடமே கைதட்டியது. குருக்களும் தட்டினார், கொஞ்சம் தள்ளி நின்று.

தாம்பாளங்கள் வந்தன. கொத்தனாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆசாரியைக் கூப்பிட்டார்கள். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். அண்ணாச்சி மூன்றாவது தாம்பாளத்தைக் கையில் எடுத்து, சபையைச் சுற்றிப் பார்த்து, "எல்லாம் நம்ம மாப்பிள்ளை மூளை" என்றார்.

மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். பேன்ட் போட்ட மனுசன், வேட்டியைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். இரண்டடி தள்ளி நின்ற என்னைப் பார்த்துத் தலையும் ஆட்டினார், சாட்சிக்கு ஆட்டுகிற மாதிரி. அண்ணாச்சியின் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பிறகு அடுப்படி வாசலில் ஒரு துண்டு கொடுத்தார். "மனசுல வச்சுக்கிடாதிய. மாப்பிள்ளைலா, சபைல விட்டுக்கொடுக்க முடியுமா?" அந்தத் துண்டால் அன்றே கியர் பெட்டி கிரீஸைத் துடைத்தேன்.

இத்தனை வருசம் இதை நான் பேசவில்லை. இப்போது பேச வைத்தது ஒரு கண்ணாடிச் சட்டம். அந்த வீடு இப்போது அண்ணாச்சியின் மகன் வழிப் பேரன் கையில். ஷட்டர்களைப் போனில் தட்டி இறக்குகிறான், நல்லது. ஆனால் கூடத்துச் சுவரில் வீட்டின் கதையை அச்சடித்து மாட்டியிருக்கிறான். என் மகள் வாசித்துக் காட்டினாள்: உள்ளூர் மெக்கானிக் ஒருவர் உப்பை வைத்துக் கெடுத்ததாம், எஞ்சினியர் மாப்பிள்ளை டப்பாவை வைத்துச் சரிசெய்தாராம்.

தம்பி, நீ கேட்டுக்கொள். உப்பை வைத்தவனும் நான், டப்பாவை வைத்தவனும் நான். கெடுத்ததை மட்டும் எனக்கு எழுதிவிட்டு, சரிசெய்ததை உன் மாமாவுக்கு எழுதாதே. இரண்டும் ஒரே கையால் ஒரே நாளில் நடந்தவை, பிரிக்க முடியாது. உன் போனுக்கு மழை வந்ததை இன்றைக்கும் சொல்வது கூரையில் இருக்கும் அந்தத் தராசுதான். டப்பாவை மட்டும் நாலு தடவை மாற்றியிருக்கிறீர்கள், ஓட்டை அதே அளவு. பேர் போடத் தயக்கமாக இருந்தால் வேண்டாம். 'இந்த வீட்டின் ஷட்டர்களைச் செய்தவன், உப்பால் கெடுத்து டப்பாவால் திருத்தியவன், தென்காசி ஷட்டர்காரன்' என்று போடு. சட்டத்தைக் கழற்ற ஆள் இல்லையென்றால் சொல், ஸ்குரூ டிரைவரோடு நானே வருகிறேன்.