அப்பா நீட்டிய பத்திரம்

அண்ணன்தான் சொத்தைச் சுருட்டிக்கொண்டான் என்று ஊரில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். நானும் வெகுநாள் அதை மறுக்கவில்லை. அண்ணனைத் திட்டுவது சுலபம், ஊரே கூடச் சேர்ந்து திட்டும். அப்பாவைத் திட்டத்தான் வாய் வராது. இப்போது வருகிறது, எழுதுகிறேன்.

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் கிணற்றில் மோட்டார் புகைந்தாலும் அது அப்பாவிடம்தான் வந்து சேரும். கடை இருந்தது எங்கள் பூர்வீக நிலத்தில், ரோட்டோரமாக. மொத்தம் இரண்டு ஏக்கர். எனக்குக் கல்யாணமாகி டெக்சாஸுக்குக் கிளம்பிய அன்று, கடைக்குப் பின்னால் பத்து சென்ட் இடத்தைக் கையால் கோடு போட்டுக் காட்டி, “இது உனக்குக் கண்ணு. எப்ப வேணாலும் வந்து ஊடு கட்டிக்க” என்றார். அண்ணனும் பக்கத்தில்தான் நின்றான்.

அப்பா ஏதோ கருணை பண்ணிக் கொடுப்பதாக நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடக் கூறுகெட்டவளே! பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று என் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருந்தது. பத்து சென்ட் என்ன, அதற்கு மேலேயே எனக்குப் பாத்தியம் இருந்தது. அது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் அபார்ட்மெண்ட் ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பத்து சென்ட்டுக்கு நான் வரைந்த வீட்டுப் பிளான் ஒட்டியிருந்தது. கிரீன் கார்டு வருமோ வராதோ, போக ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம் அது. எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். “மளிகைக்கடை பில்லைக்கூட டெஸ்ட் பண்றவ இவ” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

தொண்ணூற்றெட்டு கோடையில் அப்பா வந்தார். அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதுவரை, “அத்தன தூரம் எவன் உக்காந்துட்டு வர்றது” என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று ஒரு நாள் போனில், “உன்னப் பாக்கோணும்போல இருக்குது கண்ணு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஆபீஸில் சிரித்த முகமாக இருந்தேன்.

வந்த இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. துணி காயவைக்கும் எங்கள் ட்ரையர் மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்தார். அப்புறம் பக்கத்து ப்ளாக் ஆன்ட்டி வீட்டு மிக்ஸி, அவர்களுக்குத் தெரிந்தவர் வீட்டு ஃபேன். என் மகள் அவர் பின்னாலேயே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம், காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே நாலைந்து தாள், டைப் அடித்தது.

“கெணத்து மோட்டாருக்குக் கரண்ட் கனெக்சன் பேர் மாத்தோணும் கண்ணு. பங்காளி அத்தன பேரும் கையெழுத்துப் போடோணுமாம். நீ ஒவ்வொருக்காவும் வந்து போக முடியுமா? எம்பேருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் குடுத்துட்டீன்னா நானே பாத்துக்குவேன்.”

“அதுக்கென்னங்கப்பா, குடுத்தாப் போச்சு” என்றேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். அப்பன் நீட்டுகிற தாளைப் பிள்ளைகள் படித்துப் பார்க்க மாட்டோம். படித்தால், “எம்மேல நம்பிக்கை இல்லையா?” என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் எழுதியதை நாலு பேர் வைத்துப் படிப்போம். அப்பா கொடுத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவோம். நானும் அப்படித்தான் வளர்ந்தவள்.

லீவு போட்டு, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு நானேதான் ஃப்ரீவேயில் ஓட்டிப்போனேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, “முழுசாப் படிச்சுப் பாத்துட்டீங்களாம்மா? இதுல பவர் நிறைய குடுக்கறீங்க” என்றார். அப்பா என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் தாளைத் திருப்ப எனக்குக் கூச்சமாக இருந்தது.

“படிச்சுட்டேங்க” என்றேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

வருகிற வழியில் அப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். முப்பது வயது தாண்டிய எனக்கு. அடுத்த மாதமே ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட்டில் நான் அழுத அழுகையைப் பார்த்து, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா டிஷ்யூ கொடுத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் இரண்டு வாரத்துக்குள் சீட்டு கிழிந்தது. வேலை போனால் விசாவும் போச்சு. ஊருக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. வீட்டுக்காரர் கலங்கிப்போயிருந்தார். நான்தான், “நமக்கென்ன, எடம் இருக்கு, போய் வீடு கட்டிக்கலாம்” என்று தெம்பு சொன்னேன். அண்ணனுக்குப் போன் போட்டு, கடைக்குப் பின்னால் கிடக்கும் பழைய இரும்பை அப்புறப்படுத்தி வைக்கச் சொன்னேன்.



“எந்த எடத்தச் சொல்ற நீ?” என்றான். அப்புறம், “அப்பா உங்கிட்டச் சொல்லலியா? உம்பட பாகத்த எம்பேருக்கு விடுதலை பண்ணிக் குடுத்து மூணு வருசமாச்சு. ரிஜிஸ்டர் ஆயிருச்சு.”

“நான் எப்பண்ணா பண்ணுனேன்?”

“நீ குடுத்த பவர்லதான். உனக்காக அப்பாவே கையெழுத்துப் போட்டாரு.”

கனெக்‌ஷனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஊருக்குப் போன முதல் மாதத்திலேயே, எனக்குப் பதிலாக அவர் நின்று, எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த பிளானைக் கிழித்துப் போட்டேன். மகள், “வாட் ஹேப்பன்ட், அம்மா?” என்று கேட்டுக்கொண்டே கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கினாள். வீட்டுக்காரர் பெட்டி கட்டுவதிலேயே மும்முரமாக இருந்தார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மறுக்கவில்லை, மழுப்பவில்லை. மோட்டார் ரிப்பேரை விளக்குகிற அதே நிதானம்.

“உனக்கென்ன கண்ணு, படிச்சவ. எங்க போனாலும் பொழச்சுக்குவ. அவனுக்கு அந்தக் கடைய உட்டா வேற என்ன இருக்குது? பாகம் பிரிச்சா கடை நிக்காது. பத்திரம் எழுதுறவரு, பொண்ணு கையெழுத்து இல்லாம ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு.”

நிலம் போனதைப் பற்றிக் கேட்கத்தான் போன் எடுத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அப்பா, அன்னிக்கு என்னைப் பாக்கோணும்னு சொன்னீங்களே, அதுக்காக வரலீங்களா? இந்தக் கையெழுத்துக்குத்தான் வந்தீங்களா? கூரியர்ல அனுப்பியிருந்தாலும் போட்டுக் குடுத்திருப்பேனே.”

“தபால்ல அனுப்புனா நீ படிச்சிருப்பே, கண்ணு” என்றார்.