மண்சுவருக்குச் சீமெந்து

கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் கடை வைத்திருந்த ஈழத்தமிழர் ஒருவர், லண்டன் வளர்ந்து சூழ்ந்துகொண்ட ஒரு பழைய நாட்டுப்புற மாளிகையை வாங்கியிருந்தார். அதன் மரச்சட்டத்தைப் பரிசோதிக்கப் பொறியாளராக நான் போனேன். அவருக்குப் பருத்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அப்படித் தட்டியதில் பூச்சு உதிர்ந்தது.

“உதென்ன தங்கச்சி, மண்ணோ?”

“ஓம் அண்ணை. கம்பு பின்னி, வைக்கோலும் சாணமும் கலந்து அப்பின மண்.”

“ஊரில மண்வீட்டை இடிச்சுப்போட்டுக் கல்வீடு கட்டினனாங்கள். லண்டனுக்கு வந்து மண்வீடு வாங்கியிருக்கிறன்.” சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை.

நான் வரிசையாக விளக்கினேன். ஒன்று, வீட்டைத் தாங்குவது ஓக் மரச்சட்டம், சுவர் அல்ல. இரண்டு, மண் ஈரத்தை வெளியே விடும். மூன்று, சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கி மரம் உக்கி அழுகிவிடும். உதிர்ந்த இடங்களை மண்ணாலும் சுண்ணாம்பாலும்தான் அடைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றார்.

அடுத்த முறை போனபோது கீழறை முழுவதும் சீமெந்து பூசியிருந்தது.

“அண்ணை, படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லே?”

“சொன்னீங்கள்தான். அம்மா வாறா, இந்த அறையிலதான் படுப்பா. அவ மண்வீட்டில இருந்தது காணும், இனியும் வேண்டாம்.”

சீமெந்தை உடனே அகற்றும்படி அறிக்கையில் எழுதினேன். அம்மா வந்து போகட்டும் என்றார். அம்மாவுக்காக மகன் பலப்படுத்திய அறையின் மரத்தூண்கள்தான் முதலில் உக்கப்போகின்றன. எப்படிச் சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் கேட்டிருப்பார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.