டார்ச் பேட்டரியில் ஓடிய விமானம்

மகனின் விளையாட்டுச் சாமானில் பேட்டரி சூடாகிய வாசனை வந்ததும், இப்போது இடித்துவிட்ட, நோர்வூட் தேயிலைத் தோட்டத்து எங்கள் லயத்து வரிசை வீட்டின் அடுப்படி நினைவுக்கு வந்தது. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விமானம் சுடும் வீடியோ கேமுக்கு, அண்ணன்மார் இருவரும் அப்பாவின் டார்ச் பேட்டரிகளைக் கழற்றிப் போடுவார்கள். தீர்ந்தால் அடுப்போரம் சூடாக்கி மறுபடி போடுவார்கள்.

“சும்மா சுட்டுக்கிட்டே இருக்கிறதெல்லாம் ஒரு கேமா?” என்பான் சின்னண்ணன்.

“ஒனக்குச் சுடத் தெரியலடா, அதான்!” என்பான் பெரியண்ணன்.

அப்பா இரவு வேலைக்குக் கிளம்பும் நேரமாகிறதே என்று நான் காலி டார்ச்சையும் வாசலையும் மாறி மாறிப் பார்ப்பேன்.

ஒரு மாலை அப்பா டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார், எரியவில்லை. “பரவாயில்ல, பழகின பாதைதானே” என்று பனிமூட்டத்துக்குள் சரிவில் இறங்கினார். அண்ணன்மார் சண்டையை விட்டு, இருட்டில் அவருக்குத் துணையாகப் பின்னால் ஓடினார்கள். மூவரில் ஒருவராவது திரும்பும்வரை நான் வாசலைவிட்டு நகரவில்லை.