தானாக நின்ற கிரைண்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் தயங்கினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதோடு, பேட்டன்ட் காகிதம் கைக்கு வரும்வரை இதை எழுதிவிடாதே என்று வீட்டுக்காரரும் சொல்லியிருந்தார். காகிதம் வந்தாயிற்று. முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

கணபதி என்கிற ஊரில் எங்களுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. ஒருநாள் மாவு ஆட்டும்போது, ஓடுகிற கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடப் போய், என் மோதிரவிரல் குழவியில் மாட்டி நகம் போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டுக்காரர் பட்டறையே கதி என்று கிடந்தார். கடைசியில் எங்கள் கிரைண்டரின் விளிம்பில் ஒரு பட்டையைப் பொருத்தினார். கை உள்ளே போனால் மோட்டார் நின்றுவிடும். எடுத்தால் ஓடும்.

பேட்டன்ட் வக்கீல் கண்டிப்பாகச் சொன்னார்: விண்ணப்பம் பதிவாகும்வரை வெளியாள் கண்ணில் இது படக்கூடாது, பட்டால் உரிமை கிடைக்காது. எங்கள் ஊர்ப்பக்கத்தில், வீட்டுக்கு வந்தவர்களைச் சமையலறைவரை விடாமல் அனுப்பினால் சண்டை என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளே வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நங்கையா, ஊறிய அரிசியோடு வந்தார். அவர் வீட்டுக் கிரைண்டர் ரிப்பேராம்.

"நான் ஆட்டித் தர்றனுங்க நங்கையா, நீங்க உக்காருங்க."

"மிச்சமிருக்கற நகமும் போகோணுமா? நவுரு கண்ணு" என்று சுவிட்சைப் போட்டார். பழக்கத்தில் கையை விட்டார். கிரைண்டர் நின்றது. எடுத்தார், ஓடியது. விட்டார், நின்றது.

"ஏனம்மணி, இதென்ன கூத்து?"

எதிரே முருகன் படம். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. உண்மையைச் சொன்னால் பேட்டன்ட் போச்சு.

"எல்லாம் முருகன் செயலுங்க" என்றேன். நம்பித்தான் சொன்னேன். இவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது வேறு யார்?

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் நங்கையாவோடு வீதிப் பெண்கள் பாதிப்பேர், தேங்காய் பழத் தட்டோடு. "உங்கூட்டுக் கிரைண்டர்ல முருகன் வந்திருக்காராமுங்க. ஒருக்கா கைய உட்டுக் கும்பிட்டுக்கறமுங்க."

சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி பட்டையின் மேலேயே மாலையைச் சுற்றினாள். வீட்டுக்காரர் என்னை ஓரமாக இழுத்துப்போனார். "ஏனம்மணி, என்ன செஞ்சுபோட்டே? வக்கீல் மத்தியானந்தான் பதியறாராமா!"

நான் போய் மெயின் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். "கரண்ட் இல்லீங்க" என்றேன். அது பொய்யில்லையே.

"வரட்டுமுங்க, இருக்கறமுங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? இரண்டு சுற்றுக் காபி ஆயிற்று.

ஒருவழியாக வக்கீல் போன் செய்தார். பதிவாகிவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று கேட்டார் போலிருக்கிறது. வீட்டுக்காரர் சொன்னார்: "எல்லாரும் கும்புட்டாங்க சார். ஒருத்தரும் பாக்கலீங்க."

ஃபியூஸை மாட்டிவிட்டு, மாலையை விலக்கிப் பட்டையைக் காட்டினேன். "இது அவிய பட்டறையில செஞ்ச மிசினுங்க. சாமி பேர்ல இல்லாத கதை வேண்டாமுங்க."

நங்கையா விழுந்து விழுந்து சிரித்தார். "எந்தம்பிக்கு பல்பு மாட்டத் தெரியாது. அவன் செஞ்சானாமா! புருசனுக்குப் பேரு வாங்கித் தர்றா பாரு."

எல்லாரும் சிரித்துவிட்டு, கையை விட்டுக் கும்பிட வரிசையில் நின்றார்கள். இவர் போனும் கையுமாக அப்படியே நின்றார். பாவமாக இருந்தது. காகிதம் வந்து, கண்ணாடி போட்டு மாட்டிய பிறகும் நங்கையா அதற்கு விபூதிதான் பூசிவிட்டுப் போனார்.

அதனால் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாரிடம் சொன்னாலும் இதை இப்படியே சொல்லுங்கள். யோசனை கொடுத்தது முருகன். பட்டையை மாட்டியது என் வீட்டுக்காரர். நடுவில் மயில் வந்தது, வேல் மின்னியது என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள்.