அலமாரிக்குள் இருந்த செடி

மருந்துக்கடையில் எட்டு வருடம் பில் போட்டவள் அவள். மூலத்துக்கு மருந்து கேட்டு வருகிறவரிடம் உரக்கப் பேச முடியாது. மெதுவாகப் பேசியே பழகிவிட்டாள். முப்பது தாண்டிய பிறகு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு டீச்சர் இருந்ததால் இவள் சின்ன டீச்சர்.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் அம்மா இரண்டு முறை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பார். முதல் முறை வந்தபோது, குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டாவது முறையும் சொதப்பினால் பயிற்சி முழுவதையும் அடுத்த வருடம் முதலிலிருந்து செய்யவேண்டும்.

அதனால் வீட்டில் ஒத்திகை நடந்தது. இவள் வாசல் கதவருகே நின்றுகொள்வாள். கணவன் சமையலறையில் பாத்திரம் தேய்ப்பான்.

"கேக்கலை டீச்சர்!"

"செடி தன் உணவைத் தானே தயாரிக்கிறது!"

"நல்ல செடி. இந்த வீட்ல நான்தானே தயாரிக்க வேண்டியிருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கு நல்லாக் கேக்குதும்மா. அவருக்குத்தான் காது அடைச்சிருக்கு" என்றாள்.

பாடம் ஒளிச்சேர்க்கை. பீன்ஸ் விதை முளைத்த இரண்டு தொட்டிகள். தொட்டி என்றால் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில். அடியில் தண்ணீர், அதிலிருந்து மண்ணுக்கு ஒரு துணித் திரி. செடி வேண்டிய தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றை ஜன்னலில் வைத்தாள். இன்னொன்றை மர அலமாரிக்குள் வைத்துக் கதவின் இடுக்கை மறைத்துக் காகிதம் ஒட்டி, 'திறக்காதே' என்று எழுதினாள்.

"வெளிச்சம் இல்லைன்னா என்ன ஆகும்?" என்றாள்.

"செத்துப் போயிடுமா டீச்சர்?" என்றாள் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது.

"சாகாது. மஞ்சளாகும். மேடம் வர்ற அன்னிக்குத் திறப்போம். அதுவரைக்கும் நானும் பார்க்க மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அது தப்பாகப் போயிற்று.

விரிவுரையாளர் அம்மா வந்தார். கடைசி பெஞ்சில் இரண்டு பிள்ளைகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். சின்ன டீச்சர் ஜன்னல் செடியைக் காட்டினாள், இலை, பச்சையம், வெளிச்சம் என்று வரிசையாகக் கொண்டுபோனாள். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. கடைசியாக, காகிதம் கிழியும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி அலமாரியைத் திறந்தாள்.

செடி பச்சையாக இருந்தது. கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் சாய்ந்து, ஆனால் நல்ல பச்சை. மேலும் சாயாமல் இருக்க யாரோ ஒரு பென்சிலை நட்டு, சிவப்பு முடி ரப்பரால் தண்டைக் கட்டியிருந்தார்கள்.

தொட்டியைக் கையில் எடுத்தவள் திரும்பவில்லை.

பிள்ளைகள் காத்திருக்கவில்லை. "மஞ்சளா இருக்கு டீச்சர்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர்கள் அவளைக் காப்பாற்றப் பார்த்தார்கள். காப்பாற்றியும் இருப்பார்கள். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் அவள் முதுகுதான் தெரியும். 'சரி' என்று சொல்லித் தொட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், மீதிப் பாடம் தயாராக இருந்தது. கை அலமாரிப் பக்கம் போகவும் செய்தது.

திரும்பினாள். தொட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"பார்த்துச் சொல்லுங்க. என்ன நிறம்?"

நாற்பது பேரும் ரேடியோவைப் பார்த்தார்கள். ரேடியோ தரையைப் பார்த்தாள்.

"பச்சை" என்றாள். வகுப்பில் அவள் ஒரே சொல்லோடு நிறுத்தியது அன்றைக்குத்தான்.

"கதவை யார் திறந்தது?"

"கதவைத் திறக்கலை டீச்சர். சத்தியமா."

அலமாரி, ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் பிரிக்கும் தடுப்பாகக் குறுக்கே நின்றது. அதன் முதுகு ஏழாம் வகுப்பில் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது:

"நாங்க பின்பலகையைத் தள்ளி எடுத்துக் குடுத்தோம் டீச்சர். வேற ஒண்ணும் பண்ணலை."

கடைசி பெஞ்சில் விரிவுரையாளர் அம்மா குனிந்து பேனா மூடியைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"பாவமா இருந்துச்சு டீச்சர்" என்றாள் ரேடியோ. "அது ஒண்ணும் பண்ணலையே. சாப்பாட்டு நேரத்துல மட்டும் வெயில்ல வச்சோம். நாங்க சாப்பிடறப்ப அதுவும் சாப்பிடட்டும்னு."

சின்ன டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு சாக்பீஸை எடுத்தாள்.

"சாப்பாட்டு நேரம் எவ்வளவு?"

"முக்கால் மணி!"

"அப்ப அந்த முக்கால் மணி வெளிச்சத்துல பச்சை வந்திருக்கு. ஆனா ஏன் சாய்ஞ்சிருக்கு? ஜன்னல் செடி சாயலையே?"

அதற்குப் பிறகு வகுப்பு அவள் கையில் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்திருக்கும் என்றான் ஒருவன். வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்த்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. தினமும் பார்த்ததை எல்லோரும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிந்து வந்தால் இலை வெளிறி இருந்ததை, இரண்டு நாளில் தேறியதை. ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதினாள். தொகுத்துச் சொல்லவில்லை, வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை, மணி அடித்துவிட்டது.

வராந்தாவில் விரிவுரையாளர் அம்மா தாளை மடித்தார்.

"தேறலைன்னு எழுத மனசு வரலை. தேறினதா எழுதணும்னா பாடம் முடிஞ்சிருக்கணும். மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை வரேன். இதே பாடம். செடி மஞ்சளா இருக்கணும்."

"இருக்கும் மேடம்."

"பசங்க விடுவாங்களா?"



வகுப்புக்குள் வந்ததும், "பாஸா டீச்சர்?" என்று சூழ்ந்துகொண்டார்கள். பாதி பாஸ் என்றாள். மீதிப் பாதி எப்படி வரும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். ரேடியோ அழப்போகிறவள் போல நின்றுவிட்டு, பிறகு விதையை அவளே ஊறவைத்தாள். பின்பலகைக்கு ஏழாம் வகுப்பு ஆணி அடித்தது, தேவைக்கு அதிகமாகவே.

முளை இரண்டு இலை விட்டதும் ஒரு தொட்டியை உள்ளே வைக்கப் போனாள்.

"இருங்க டீச்சர்" என்றாள் ரேடியோ. "எதுக்குன்னு அதுகிட்ட சொல்லிட்டு வைங்க. தப்பு பண்ணினதால உள்ள போடறாங்கன்னு நினைச்சுக்கும்."

சின்ன டீச்சர் வகுப்பைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அலமாரிக்குள் தலையை நீட்டினாள்.

"கொஞ்ச நாள்தான். எனக்குப் பரீட்சை. முடிஞ்ச அன்னிக்கே ஜன்னலுக்குப் போயிடலாம்."

"முதல் இடம்னு சொல்லுங்க டீச்சர்."

"ஜன்னல்ல முதல் இடம்."

அதன் பிறகுதான் கதவைச் சாத்த விட்டார்கள்.